பாசிக்குள் நின்ற மீன்

ஆறு நாளாகப் பாசிக்குள் பதுங்கிக் கிடந்த சிவப்பு இறால்கள் அன்று வெளியே வந்து, தொட்டியின் கண்ணாடியை ஒட்டி வரிசையாக நின்றிருந்தன. சனிக்கிழமைப் பிற்பகல். இந்தோனேசியாவின் மலாங் ஊரையே மூழ்கடித்துவிடுவதுபோல மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, வேலை முடிந்து வந்த வினார்னி நனைந்த முக்காட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டிமுன் நின்றாள்.

பத்து இறாலில் தொடங்கி, இரண்டு வருடத்தில் இருநூறாகப் பெருக்கியிருந்தாள். குஞ்சுகளைத் தண்ணீர் வடிகட்டும் மோட்டார் இழுத்துவிடக் கூடாதென்று அதன் வாயில் பஞ்சு கட்டியவள் அவள். போன ஞாயிறன்று அவள் கணவன் புர்னோமோ, ஒரு வார்த்தை கேட்காமல், உள்ளங்கை அகல ஏஞ்சல் மீன் ஒன்றைத் தொட்டியில் கொண்டுவந்து விட்டான்.

"வெறும் பூச்சியவா பாத்துட்டு உக்காந்திருப்ப? மீன் இருந்தாதான் தொட்டி."

மறுநாளே குஞ்சுகள் ஒன்றுகூட இல்லை. மீனை எடுக்கப் போனபோது அவள் கையிலிருந்த வலையைப் பிடுங்கி முறித்துப் போட்டான். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை.

இப்போது மீனைக் காணோம். தொட்டிக்குள்ளிருந்து, காகிதத்தை நகத்தால் சுரண்டுவதுபோல மெல்லிய, ஓயாத ஒரு சத்தம் வந்தது. குனிந்து பார்த்தாள்.

மீன் பாசிக்குள் நின்றிருந்தது. செவுள் நிதானமாக அசைந்தது. இந்தப் பக்கம் வெள்ளிச் செதில். அது மெல்லத் திரும்பியது. அந்தப் பக்கம் வெறும் முள். முள்ளிடுக்கில் இறால்கள் பொறுக்கிப் பொறுக்கித் தின்றன. மீன் விலகவில்லை. துடிக்கவும் இல்லை.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஜாவாப் பெண்கள் கணவனை அழைக்கும் 'மாஸ்' என்ற சொல்லிலேயே கத்தினாள்.

"மாஸ்! உங்க அழகு மீன வந்து பாருங்க!"

பக்கத்து வீட்டு விருந்துக்காக முழுக்கை பாத்திக் சட்டை போட்டுக்கொண்டிருந்த புர்னோமோ வந்து எட்டிப் பார்த்தான். முகம் சிவந்தது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"நானா? வலைய ஒடைச்சது யாரு?"

"ச்சீ, தள்ளு!"

ஒரு சட்டைக்கையை ஏற்றிவிட்டு, அந்தக் கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டான். இறால்கள் மீனை விட்டன. எல்லாம் கையில் ஏறின.

"கூசுது." சிரித்தான்.

பிறகு சிரிக்கவில்லை. தோள் தளர்ந்தது. கண் பாதி செருகியது.

"சுகமா இருக்கு, வினா."

ரத்தம் வரவில்லை. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அவன் சுட்டுவிரல் நுனி வெள்ளையாகத் தெரிந்தது. எலும்பு.

கையை எடுங்க. வார்த்தை தொண்டைவரை வந்தது. குஞ்சுகளை நினைத்தாள். விழுங்கிவிட்டாள்.

சுரண்டல் சத்தம் கூடியது. மணிக்கட்டும் வெளுத்தது.

அவன் மற்றக் கையை அவள் பக்கம் நீட்டினான், குழந்தையைப்போல.

"இதையும் கொஞ்சம் மடிச்சு விடேன்."

வினார்னி சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றினாள். ஒவ்வொரு மடிப்பாக, சுருக்கமில்லாமல், முழங்கைக்கு மேலே நன்றாக ஏற்றிவிட்டாள்.