சீட்டு மாறிய இழை

"என் லைன் தானாச் சாகுது, கொஞ்ச நேரத்துல தானாப் பிழைக்குது. இன்னொரு பாடம் பாதியில நின்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க," என்றாள் நெட் லைன் பரிசோதகரிடம், இணையத்தில் கணக்குச் சொல்லித்தரும் மாடிவீட்டு டீச்சர். அவள் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பாடத்தின் நடுவே லைன் போனதுமே, பரிசோதகர் நெட் வரும் கண்ணாடி இழையில் கருவியை மாட்டி இருவகை ஒளியைச் செலுத்தினார்.

"அறுத்துட்டாங்க, அத்தான்!" என்று குதித்தான் கூடவே வந்த அவருடைய மைத்துனன்.

"அறுந்திருந்தா ரெண்டு ஒளியும் அங்கேயே நின்னிருக்கும். ஒண்ணு தப்பிச்சுப் போகுது, இன்னொண்ணு வழியில சிந்துது. படிக்கட்டுப் பெட்டியில யாரோ இழையை மடக்கிப் பிடிச்சிருக்காங்க."

இறங்கிப் போவதற்குள் லைன் பிழைத்துவிட்டது. பெட்டிக்குப் பூட்டில்லை. இழைகளில் வீட்டுக்கொரு பெயர்ச்சீட்டு தொங்கியது.

டீச்சருக்குச் சந்தேகம் இருவர்மேல்: அவளோடு சண்டை போட்ட கேபிள் மெக்கானிக், அண்ணன் இறந்தபின் மாடிவீடு அண்ணிக்குப் போனதே என்று வயிறெரியும் கீழ்வீட்டு நாத்தனார். மெக்கானிக்தான் என்று மைத்துனன் அடித்துச் சொன்னான்.

பரிசோதகர் டீச்சர் கண்ணெதிரே மாடிவீடு, கீழ்வீடு இரண்டின் சீட்டுகளையும் மாற்றிக் கட்டினார். "அடுத்த பாடம் எப்போன்னு ரெண்டு பேர் காதுலயும் போட்டு வைங்க."

"நாளைக்குப் பதினொரு மணி," என்றாள் அவள் யோசிக்காமல்.

மறுநாள் அந்த நேரத்தில் அவள் கம்ப்யூட்டரைத் திறக்காமல் கைகட்டி உட்கார்ந்திருந்தது மைத்துனனுக்கு விசித்திரமாக இருந்தது. சட்டென்று கீழ்வீட்டில் ஓர் அலறல்: "அம்மா! நெட் போச்சு! இன்டர்வியூ பாதியில நின்னுபோச்சு!"

மூவரும் ஓடினார்கள். பெட்டியருகே, பென்சிலில் சுற்றிய இழையும் துணிக்கிளிப்புமாக நாத்தனார் விறைத்து நின்றாள்.

"மெக்கானிக்கா இருந்தா சீட்டை நம்ப மாட்டான், கருவி வெச்சு, இது யார் லைன்னு பாத்துட்டுத்தான் தொடுவான். சீட்டை நம்பி ஏமாறுறது தொழில் தெரியாத வெளியாள்தான்," என்றார் பரிசோதகர்.

"தன் வினை தன்னைச் சுடும்!" என்றான் மைத்துனன்.

"என் பிள்ளை வாழ்க்கை போச்சே!" என்று நாத்தனார் படியில் சரிந்தாள்.

பரிசோதகருக்கு வெற்றி இனிக்கவில்லை. டீச்சரிடம் திரும்பினார். "இன்னிக்கு உங்களுக்குப் பாடமே இல்லை. பதினொரு மணின்னு ஏன் சொன்னீங்க?"

"நேத்துக் காலையில அந்தப் பையன் என் கால்ல விழுந்தான். 'அத்தை, நாளைக்குப் பதினொரு மணிக்கு இன்டர்வியூ, வாழ்த்துங்க'ன்னான்."

"வாழ்த்தினீங்களா?"

"வாய் நிறைய," என்றாள் அவள்.