முப்பத்தேழு பாகை

மூன்று நாள் மழையில் நனைந்து, அடியில் ஒரு தணல்கூட இல்லாமல் கிடந்த மீன் புகைப்பீப்பாவின் சூட்டு மீற்றர் முள் முப்பத்தேழில் நின்றது.

ஆரபி குடையைச் சரித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கார்த்திகைப் பின்நேரம். பனையோலை வேலியிலிருந்து நீர் சொட்டும் ஓசையும், பொலிகண்டிக் கடலின் இரைச்சலும், போன கிழமை பழகிப் பார்க்கவென்று புகை போட்ட மீனின் எண்ணெய் மணமும் கலந்து, வளவு முழுவதும் ஈரமாகக் கனத்துக் கிடந்தது.

முப்பத்தேழு. ஆளின் உடம்புச் சூடு.

மீற்றரில் பிழை இருக்க வழியில்லை. யாழ்ப்பாணத்துக் கடையில் மூடியில் பூட்டுகிற குட்டைக் கம்பி மீற்றரைத்தான் முதலில் எடுத்து நீட்டினார்கள். “மூடிக்குக் கீழை நிக்கிற சூடு எனக்கென்னத்துக்கு? மீன் கிடக்கிற இடத்துச் சூடு வேணும்” என்று சொல்லி, நீளக் கம்பி வைத்ததைக் கேட்டு வாங்கினாள். மீன் தட்டின் உயரத்தில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டு அதைப் பூட்டித் தந்தவன் அவள் கணவன் செந்தூரன். பூட்டுமுன் ஐஸ் தண்ணீரில் வைத்தபோது நான்கு காட்டியது. பின்பக்க நட்டைத் திருகிப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாள். கொதிநீரில் நூறு காட்டியது.

இப்போது கழற்றி வெளியே பிடித்தாள். முள் இருபத்தாறுக்கு இறங்கியது. திரும்பப் பூட்டினாள். மெல்ல ஏறி, முப்பத்தேழில் நின்றது.

பீப்பாவின் கதவைத் திறந்தாள். வெறும் தட்டுகள். தொட்டால் குளிர்ந்தது இரும்பு.

செந்தூரனுக்குப் போன் எடுத்தாள்.

“கழட்டி எறியும். வேறை வாங்குவம்.”

“நாளைக்குப் பத்துக் கிலோ அறக்குளா மீன் புகைபோட்டுக் குடுக்கவேணும். முதல் ஓடர். இண்டைக்கு விட்டா ஹோட்டல்காரர் வேறை ஆளைப் பிடிச்சிடுவினம்.”

“உமக்குச் சொன்னாலும் கேக்கமாட்டீர். நிண்டுகொள்ளும், வாறன்.”

அவள் நிற்கவில்லை. இந்தத் தொழிலுக்காகப் புடைவைக் கடை வேலையை விட்டபோது ஊரே சிரித்தது. ஒரு முள்ளுக்குப் பயந்து திரும்ப அந்தக் கடையில் போய் நிற்பதா? கதவைப் பூட்டிக் கொக்கியைப் போட்டாள். அடியில் தேங்காய்ப் பொச்சை அடுக்கி நெருப்பு வைத்தாள். தொண்ணூறு வந்தால்தான் மீன் வைக்கலாம்.

நெருப்பு நன்றாகப் பிடித்து, சடசடத்து, ஈரத் தரையில் செம்மஞ்சள் வெளிச்சம் விழுந்து ஆடியது. முள் முப்பத்தெட்டு. கால் மணித்தியாலம் கழித்து முப்பத்தொன்பது. தகரத்தைத் தொட்டாள். சுடவில்லை.

மேலே குழாயிலிருந்து புகை வந்தது. நின்றது. வந்தது. நின்றது.

காற்று இல்லை. வேலியில் ஓர் ஓலைகூட அசையவில்லை.

“நல்லா மூச்சு விடு,” என்றாள் ஆரபி, பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னும் மூன்று பொச்சுத் தள்ளினாள்.

நாற்பது. நாற்பத்தொன்று. காய்ச்சல்காரரின் மூச்சைப் போல, குட்டை குட்டையாக வந்தது புகை.

பிறகு நின்றுவிட்டது.

வெளியே வந்திருந்த புகையும் குழாய்க்குள்ளேயே திரும்பி இழுபட்டது.

நட்டைக் கழற்றி மீற்றரை உருவினாள். துளைக்குள் இருட்டு. அதிலிருந்து ஒரு விரல் நுனி வந்தது. துளையின் விளிம்பைத் தடவியது. மெதுவாக. சுற்றிச் சுற்றி.

ஆரபி ஓடவில்லை. உள்ளங்கையைத் துளைமேல் அடித்து அழுத்தினாள்.

“ஆரெண்டாலும் இரு. இது என்ரை வளவு. என்ரை நெருப்பு. நான் போகமாட்டன்.”

படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. செந்தூரன் ஓடிவந்தான்.

“என்னப்பா செய்யிறீர்?”

“பொச்சைப் போடுங்கோ. ஒண்டும் கேக்காதேங்கோ, போடுங்கோ!”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு கையிலும் பொச்சை அள்ளிக் குனிந்தான்.

“போடாதேங்கோப்பா. சுடுது.”

பீப்பாவுக்குள்ளிருந்து வந்தது. ஆரபியின் குரல்.

அவன் அப்படியே நின்றான்.

“உள்ளுக்கை நிக்கிறது நான். வெளியிலை நிக்கிறது நானில்லை.”

“இஞ்சை பாருங்கோ, நான்தான்,” என்றாள் ஆரபி. உள்ளிருந்தும் அதே சொற்கள், அதே நொடியில், வந்தன.

செந்தூரனின் கையிலிருந்து பொச்சு ஒவ்வொன்றாக விழுந்தது. அவன் பார்வை அவள் முகத்தில் தங்கியது. முன்பின் அறியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. பிறகு அது பீப்பாக் கதவின் கொக்கிக்கு இறங்கியது.

அவன் கை நீண்டது.

ஆரபி மற்றக் கையால் கொக்கியை இறுகப் பொத்தினாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான். அவள் விடவில்லை. துளையை அழுத்திய உள்ளங்கையின் கீழே, உள்ளிருந்த விரல் ஆறுதல் சொல்வதுபோல் மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.