தின்ன ஆளிருக்குதுங்க

குட்டான் செத்துப் பதினோரு நாள் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சௌந்திரம் டீச்சர் எப்போதும் போலத் துணிப்பையோடு கடைக்கு வந்து இரண்டு கிலோ நாய்த்தீவனம் கேட்டார்.

மதியழகன் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்த குழாய் நழுவித் தரையில் தண்ணீர் ஓடியது. டீச்சரின் நாய் குட்டான் செத்தது அவனுக்குத் தெரியும். சாவதற்கு இரண்டு நாள் முன்பு, நாயை மடியில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போகிற வழியில், டீச்சர் ஆட்டோவை இந்தக் கடை வாசலில்தான் நிறுத்தினார். நாயின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு முழுக்க எலுமிச்சைத் தோல் போல மஞ்சள். தீனி ஏதாவது சேராமல் போயிருக்குமா என்று கேட்டார். வெயில் காலத்தில் இப்படி ஆவதுதான், மோர் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பி வைத்தான்.

இப்போது அவர் நிற்கிறார். சலவை மடிப்புக் கலையாத பருத்திப் புடவை, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. முகத்தில் கோபம் இல்லை, அழுத தடம் கூட இல்லை. பையை விரித்துப் பிடித்தபடி காத்திருந்தார். அவன் ஒன்றும் கேட்காமல் நீல டிரம்மின் மூடியைத் திறந்தான். பொரித்த கோழியின் வாசம் முதலில் வந்தது. அதற்கு அடியிலிருந்து, கொஞ்சம் தாமதமாக, மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் வருமே அந்த வாசமும் வந்தது. அதை அவன் ஒரு மாதமாக ஊதுபத்தி கொளுத்தி மறைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு மாதத்துக்கு முன்பு கம்பெனி ஏஜெண்டிடமிருந்து போனில் செய்தி வந்திருந்தது. சிவப்பு மூட்டையில் குறிப்பிட்ட எண் போட்ட சரக்கை யாருக்கும் விற்க வேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள், வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் என்றது செய்தி. வண்டி வரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டான். மூன்றாவது முறை ஏஜெண்டின் போன் அணைந்திருந்தது. அதன் பிறகு மதியழகன், டிரம்மில் கொள்ளாத நாலு மூட்டையைப் பின்னறையில் போட்டுவிட்டு, மற்றவற்றைப் பிரித்து டிரம்மில் கொட்டி, எண் இருந்த சாக்குகளைக் கடைக்குப் பின்னால் வைத்து எரித்துவிட்டான். நாய்தானே என்று நினைத்துக்கொண்டது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சொல்லை அவன் வாய்விட்டே சொன்னான். கடையில் யாரும் இல்லை.

அப்புறம் ராசிபுரத்தில் நாய்கள் விழ ஆரம்பித்தன. இரை எடுக்காது. தண்ணீரை மட்டும் குடித்துக் குடித்துக் கக்கும். கடைசி நாளில் சுவரோரம் போய் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும், கூப்பிட்டால் திரும்பாது. தறிப்பட்டறை சின்னுசாமியின் ராஜபாளையம் நாய் அப்படியே நின்றபடி செத்தது. சின்னுசாமி கடைக்கு வந்து, எவனோ மருந்து வைத்திருக்கிறான், கிடைத்தால் அவனையும் அந்தக் குழியிலேயே போட்டு மூடுவேன் என்றார். பக்கத்துத் தோட்டத்தில் மயிலுக்கு மருந்து வைத்ததாகக் கேள்விப்பட்டேன் என்று மதியழகன் சொன்னான். மூன்றாம் நாள் அந்தத் தோட்டத்துக்காரருக்கு இரண்டு கையும் உடைந்த செய்தி வந்தது.

நாய் டாக்டர் கந்தவேல் மட்டும் வேறு மாதிரி பேசினார். டீ குடிக்க வந்தவர், போகிற போக்கில் சொல்வது போலத்தான் சொன்னார். மக்காச்சோளம் ஈரத்தில் கிடந்தால் ஒரு பூஞ்சை பிடிக்கும், கோழிப்பண்ணைக்காரர்களைக் கேட்டால் தெரியும். பூஞ்சையைத் தட்டி விடலாம், அது விட்டுப்போன நஞ்சு போகாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் போகாது. உடனே ஒன்றும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஈரலில் போய்ச் சேரும். சின்ன உடம்பாக இருந்தால் சீக்கிரம் விழும். சொல்லிவிட்டு, உன்னிடம் இருக்கிற சரக்கு எந்தக் கம்பெனி என்று கேட்டார். மதியழகன் வேறொரு பெயரைச் சொன்னான்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் டீச்சர் வந்தார்.

இந்த முறை அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. புதிதாக நாய் ஏதும் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டான்.

"இல்லீங் தம்பி. இனி நாயே வேண்டாமுங்க."

"அப்புறம் இது?"

"தின்ன ஆளிருக்குதுங்க" என்றார் டீச்சர்.

டிரம்மின் மேலாக இருந்ததை அவன் அள்ளப் போனபோது தடுத்து, அடியில் இருப்பதைக் கேட்டார். அடியில் பாதி தூளாகத்தான் இருக்கும் என்றான். தூளே நல்லது என்றார். அவன் டிரம்முக்குள் தலையை விட்டு, கையை நீட்டி, சுரண்டி எடுத்தான். உள்ளே அவன் மூச்சே அவனுக்குப் பெரிதாகக் கேட்டது. தலையை வெளியே எடுத்தபோது டீச்சர் குனிந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க அவன் தூக்கம் கெட்டது. தெருநாய்க்குப் போடுவாரோ? அந்தத் தெருவில் நாயே மிஞ்சவில்லை. மீனுக்கா? கோழிக்கா? பைக்கில் அவர் வீட்டுப் பக்கமாக இரண்டு முறை போனான். செவ்வந்திச் செடிகள், வெள்ளை அடித்த காம்பவுண்டு, குட்டானைப் புதைத்த இடத்தில் ஒரு செங்கல். கோழிக்கூண்டு இல்லை. மீன்தொட்டி இல்லை. கொல்லைப்புறத்திலிருந்து மிக்சி ஓடும் சத்தம் வந்தது. கெட்டியான எதையோ போட்டு அரைக்கும் சத்தம். முதலில் கடகடவென்று உடைந்து, பிறகு கரகரத்து, பிறகு மாவாகி மெல்ல அடங்கும் சத்தம்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை, சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொன்னான்.

டீச்சர் சன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, பின்னறையில் நாலு சிவப்பு மூட்டை இருக்கிறதே, சன்னல் வழியாகத் தெரிகிறதே என்றார். அது பழசு என்றான் அவன்.

"பழசுன்னா என்னங்க தம்பி? கெட்டதுங்களா?" குரல் வகுப்பில் கேள்வி கேட்கிற குரலாக இருந்தது. "கெட்டதுன்னு உங்க வாயால ஒரு சொல்லு சொல்லுங்க. நான் வாங்கலீங்க. இத்தோட உட்டுட்டுப் போயிடறேன்."

அவன் வாய் திறந்தது. தோட்டத்துக்காரரின் உடைந்த கைகள் நினைவுக்கு வந்தன. சின்னுசாமியின் குழி நினைவுக்கு வந்தது.

"கெட்டதெல்லாம் இல்லீங்க" என்றான். மூட்டையைப் பிரித்து இரண்டு கிலோ போட்டுக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் அவன் மகள் இளவேனில் சோறு வேண்டாமென்றாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். ஜூன் மாதத்திலிருந்து டியூஷனுக்குப் போகிறாள். அவன் மனைவி ஸ்ரீதேவி தட்டை வைத்துவிட்டு மகளை அதட்டினாள். பிள்ளை சிணுங்கிக்கொண்டே, டீச்சர் வீட்டில் உருண்டை கொடுத்தார்கள், மூன்று தின்றேன், வயிறு நிறைந்துவிட்டது என்றாள்.

மதியழகன் கையிலிருந்த பிடி சோறு தட்டில் விழுந்தது.

எந்த டீச்சர் என்று கேட்கத் தேவையில்லை. அவனே பைக்கில் கொண்டு போய் வாசலில் விட்டு, வாசலிலேயே நின்று கூட்டி வரும் வீடு. செவ்வந்தி இருக்கும் வீடு. ஆனாலும் கேட்டான். எவ்வளவு நாளாக உருண்டை கொடுக்கிறார்கள் என்றும் கேட்டான். குட்டான் சாமிகிட்டப் போனதிலிருந்து என்றாள் பிள்ளை. அவள் வலது கையைப் பிடித்து விரித்து மூக்கில் வைத்துக்கொண்டான். வெல்லம். ஏலக்காய். நெய். அவற்றுக்கும் அடியில், கொஞ்சம் தாமதமாக, பூட்டிக் கிடந்த அறை.

அல்லது அவன் கையின் வாசமோ அது? அவன் கையிலும் அதே வாசம்தான் இருந்தது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினான். வாசம் போகவில்லை.

நாளையிலிருந்து டியூஷன் வேண்டாம் என்று ஸ்ரீதேவியிடம் சொன்னான். ஏன் என்றாள். சும்மாதான் என்றான். கணக்கில் முழு மதிப்பெண் வாங்குகிறாள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவள் சிரித்தாள். பிள்ளை தூங்கியதும் செல்போன் வெளிச்சத்தில் அவள் இமையை விலக்கிப் பார்த்தான். வெள்ளையாகத்தான் இருந்தது. போனைக் கொஞ்சம் சாய்த்தான். மஞ்சளாகத் தெரிந்தது. திரும்பச் சாய்த்தான். வெள்ளை. இவ்வளவு சின்ன உடம்பு. விடியும்வரை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அவன் பேச்சைக் கேட்காமல் ஸ்ரீதேவியே பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டாள் என்று தெரிந்ததும், கூட்டி வர ஐந்து மணிக்கே டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டான். மேற்கு வெயில் கூடத்தின் பாதிவரை நீண்டு கிடந்தது. ஆறு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒரே குரலில், ஒரே இழுவையில். சமையலறையில் மிக்சி ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. அவன் செருப்பைக் கழற்றும்போது இன்னொரு பைக் வந்து நின்றது. சின்னுசாமி, தன் மகனைக் கூட்டிப்போக வந்திருந்தார். அவர் உள்ளே வந்து மதியழகனின் தோளில் கையை வைத்தார். கனமான கை.

டீச்சர் எவர்சில்வர் தட்டோடு வந்தார். தட்டு நிறைய பழுப்பு நிற உருண்டைகள், ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. வாய்ப்பாடு நின்றது. ஆறு கைகள் நீண்டன.

சின்னுசாமியும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் பல்லில் ஏதோ கடிபடும் சத்தம் கேட்டது. ராகியா கம்பா, டீச்சர் கையில் எதுவும் ருசிதான் என்றார். அவர் மகன் இரண்டாவதை எடுத்தான். மதியழகன் தட்டையே பார்த்தான். ராகியாகத்தான் இருக்கும். ராகியும் இந்த நிறம்தான். ராகியில் பல்லில் கடிபடும்படி கெட்டியாக எதுவும் இருக்காதே? வறுத்த கடலையாக இருக்கலாம். கடலைதான்.

டீச்சர் தட்டை அவன் முன்னால் நீட்டினார்.

"ஏனுங் தம்பி, மொகம் ஒரு மாதிரி இருக்குது. இதுல ஏதாச்சும் கெடுதல் இருக்குதுங்களா?"

சின்னுசாமி மெல்வதை நிறுத்தினார். அவனைப் பார்த்தார். கை இன்னும் தோளில்தான் இருந்தது.

ஒரே சொல். ஒரே ஒரு சொல் சொன்னால் ஆறு பிள்ளைகளின் கையிலும் இருப்பதைத் தட்டிவிடலாம். அது எப்படி உனக்குத் தெரியும் என்று அடுத்து கேட்பார்கள். இவருடைய மகன் இரண்டு தின்றிருக்கிறான்.

நாளைக்குச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடலாம். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். உடனே ஒன்றும் ஆகாதாம். டாக்டர் அப்படித்தானே சொன்னார்? ஒன்று கூடினால் என்ன ஆகிவிடும்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றான்.

"அப்ப உங்க புள்ளைக்கு நீங்களே ஊட்டி உடுங்க. உங்க கையால தின்னா அவளுக்குச் சந்தோசம்."

அவளுக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தான்.

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்குது" என்றாள் இளவேனில்.

எழுந்து அவனிடம் வந்தாள். வெயிலில் நின்றாள். முகம் நிமிர்த்தி, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள். வெயில் மஞ்சள் அவள் முகத்தில் விழுந்திருந்தது. வெயில்தான்.

தோளிலிருந்த கை இறுகியது.

அவன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். விரலில் நெய் ஒட்டியது. உருண்டை சூடாக இருந்தது. மகளின் நாக்கின் மேல் வைத்தான். அவள் வாய் மூடியது. உள்ளே ஏதோ ஒன்று நறுக்கென்று உடைந்தது.

கடலை.

டீச்சர் குனிந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தட்டை விலக்கவில்லை. பிள்ளை மென்றாள். விழுங்கினாள். அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

வாயை மறுபடி திறந்தாள்.

அவன் கை தட்டுக்குப் போனது.