மிளகு மூட்டைக்குக் கொடுத்த அறை

1968ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இரண்டாம் நாள், ஆடி வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு, மாத்தளை நகரின் மிளகு வியாபாரி இராசமாணிக்கத்தின் வீட்டு வாசலில் நின்று, தபால்காரர் ஓர் அஞ்சலட்டையை உரக்க வாசித்தார். அட்டை சிங்களத்தில் எழுதப்பட்டிருந்ததால், அவரே தமிழில் பொருளும் சொன்னார். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் செல்லும் வழியில், முன்னர் தோட்டத்துரை ஒருவர் குடியிருந்த பங்களாவைத் தங்குமனையாக நடத்திவந்தவர் அதனை அனுப்பியிருந்தார். அடுத்த புதன்கிழமை பிற்பகல் முதல் வியாழக்கிழமை மாலை வரை இரண்டு தம்பதியருக்கு இரண்டு அறைகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பதும், மலையில் காற்றும் குளிரும் மிகுதியாதலால் கம்பளி கொண்டுவர வேண்டும் என்பதுமே செய்தி. அக்காலத்தில் நாட்டில் சனியும் ஞாயிறும் விடுமுறை நாட்களல்ல. பௌத்தர்கள் விரதமிருக்கும் சந்திர நாளான போயாவும் அதற்கு முந்திய அரை நாளுமே விடுமுறை. அந்த வியாழன் போயா.

"ஆச்சி, ரெண்டு ஜோடிக்கு ரெண்டு காம்பரா! சந்தோசமா போயிட்டு வாங்க!" என்று சிரித்த தபால்காரர், தாம் அந்த வீட்டில் மூட்டிவிட்ட நெருப்பை அறியாமல், சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஆச்சி என்று அவர் அழைத்த சின்னப்பிள்ளை, இராசமாணிக்கத்தின் தாய். அறுபத்தேழு வயது, முழங்கால் வாதம் உடம்பை முடக்கியிருந்தாலும் குரலை முடக்கவில்லை. அட்டையைக் கையில் பிடித்தவாறே அவர் கூடத்திற்குள் வந்தார். கடையில் படுத்தெழுந்த அவருடைய மகன்கள் இருவரும், வழக்கம்போலக் காலைச் சாப்பாட்டுக்கு வீடு வந்து தட்டின் முன் அமர்ந்திருந்தனர். மூத்தவர் இராசமாணிக்கம். இளையவன் இராமசாமி, நகரத்துக் கந்தோர் ஒன்றில் கணக்கெழுதும் எழுதுவினைஞன்.

"யாருடி அந்த ரெண்டு சோடி?"

அம்மன் கோயிலுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த அழகாயி, கையில் ஒட்டிய குரக்கன் என்னும் கேழ்வரகு மாவோடு அடுக்களையை விட்டு வெளியே வந்தாள். அந்த வீட்டின் மூத்த மருமகள், வயது முப்பத்தொன்பது.

"நான்தான் அத்தே சொல்லிவிட்டேன். ஏலக்கா கொண்டாற மஹ்ரூப் நானா அந்தப் பக்கத்து ஆளு. அவருகிட்டச் சொல்லி எடமும், போக வர அவரு வேனும் கேட்டேன். நாங்க ரெண்டு பேரும்... தம்பியும் இலட்சுமியும்... ஒரு ராத்திரி தங்கிட்டு வந்துறலாம்னு..."

"ஆடி மாசத்துலயா! புருசனையும் பொண்டாட்டியையும் பிரிச்சு வைக்கிற மாசத்துல, சோடி போட்டுக்கிட்டு மலையேறப் போறீகளா?"

"அது தல ஆடிக்குத்தானே அத்தே. இலட்சுமிக்கு இது நாலாவது ஆடி."

"நாலு ஆடி வந்து என்னத்தக் கண்டோம்? வயித்துல ஒரு புழு பூச்சி உண்டா? ஆவணி பொறக்கட்டும், பல்லேபொலையில எங்கண்ணன் மகளச் சின்னவனுக்குப் பேசி முடிக்கிறேன்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். இவ என்னடான்னா அந்த மலடிக்கு ஊர்வலம் நடத்துறா! அவளச் சாக்கா வச்சுக்கிட்டு, ஆசையெல்லாம் உனக்குத்தானடி? தலைக்கு ஒசந்த பொம்பளப் புள்ளய வீட்டுல வச்சுக்கிட்டு, நாப்பது வயசுல உனக்குக் குளிர் பங்களா கேக்குதோ? ஒத்தப் புள்ளயோட நின்னு போனவ, இப்பத்தான் புதுப்பொண்ணு ஆகப் போறாளாக்கும்!"

அழகாயியின் முகம் சிவந்தது. நல்லவேளையாக அவளுடைய ஒரே மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கணவனைப் பார்த்தாள். 'நாமும் தம்பியும் போயிட்டு வருவோமா' என்று பத்து நாட்களுக்கு முன் அவள் கேட்டபோது, 'உன் விருப்பம்' என்று சொன்னவர் அவர்தான். இப்போது அவர் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டார், வாயில் வைக்கவில்லை, நிமிரவும் இல்லை.

அப்போதுதான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த இலட்சுமி, ஈரச் சேலையோடு வந்து கதவோரம் நின்றாள். இருபத்து நான்கு வயதுப் பெண்.

"எனக்குத் தெரியுங்கக்கா... எங்கப்பா வீடு ரத்தோட்டையில. போற வழிதான? என்னய அங்க எறக்கி விட்டுட்டுப் போகத்தான இந்த ஏற்பாடு? வேன் வச்சு, பங்களா பேசி, ஊரக் கூட்டி எதுக்குக்கா இவ்வளவு செரமம்? போடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே பஸ்ஸேறிப் போயிருப்பேனே! நீங்களுமா அக்கா... நீங்களுமா!"

மாமியாரின் ஏச்சைவிட இந்த 'நீங்களுமா' அழகாயியை ஆழமாக வெட்டியது. வாய் திறந்தால் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த உண்மையை, கொழுந்தன் எதிரே, கணவன் எதிரே, எந்த வாயால் சொல்வது? பெண்கள் தமக்குள் கிணற்றடியில்கூடப் பேசக் கூசும் செய்தி அது.

உண்மை இதுதான். அந்த வீட்டில் கூடமும் அடுக்களையும் நீங்கலாக இரண்டே அறைகள். சிறிய அறை சின்னப்பிள்ளையினுடையது. பெரிய அறை, ஒரு காலத்தில் இராசமாணிக்கமும் அழகாயியும் குடியிருந்தது. 1956ஆம் ஆண்டு, ஆற்றோரத்து மிளகுக் கிட்டங்கிக்குள் வெள்ளம் புகுந்து பாதிச் சரக்கு அழிந்தபோது, மீதி மிளகை உலர்ந்த இடத்தில் வைக்காவிட்டால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும் என்ற நிலை ஏற்பட்டது. யாரும் கேட்குமுன் அழகாயிதான் தன் பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஆறு மாதத்திற்கு என்று பேச்சு. அடுத்த ஆண்டு கடையில் திருட்டுப் போயிற்று. அன்றுமுதல் ஆண்கள் இரவில் கடையில் காவல் படுத்தனர். மூட்டைகள் விற்கப்பட்டன, புதியவை வந்தன. அறை மட்டும் திரும்பி வரவில்லை.

இராமசாமிக்குக் கலியாணமானபோது அடுத்த வீட்டார் ஒரு வாரம் தம் முன்னறையைக் கொடுத்துதவினர். எட்டாம் நாள் அவன் கடைக்குப் போனான். இலட்சுமி மாமியாரின் அறைக்குப் போனாள். வாதக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அந்தக் காலடியிலேயே படுத்தாள். மூன்றரை ஆண்டுகள்! அதற்குப் பிறகு ஏன் பிள்ளை இல்லையென்று கேட்டார்கள். பெண் மலடி என்றார்கள். அந்த அடுப்பங்கரையில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தவள் அழகாயி. ஆவணி பிறக்க இரண்டு வாரமே இருந்தது. இளையவர்களை மட்டும் தனியே அனுப்பினால் ஊர் பேசும். மூத்த தம்பதி உடன் போனால் பேசாது. அதனால்தான் அவள் இரண்டு அறை கேட்டாள்.

"என்னடி கல்லு மாதிரி நிக்கிற? இன்னைக்கே அந்தத் துலுக்கருகிட்டச் சொல்லி, எடம் வேண்டாம்னு சொல்லிரு!"

அழகாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அலமாரி லாச்சியை இழுத்து, வெற்று அஞ்சலட்டை ஒன்றையும் பேனாவையும் எடுத்து, இராமசாமியின் முன் வைத்தாள்.

"தம்பி, நீங்களே எழுதுங்க. ரெண்டு காம்பரா வேண்டாம், ஒண்ணு போதும்னு எழுதுங்க."

"மதினி...?"

"நானும் உங்க அண்ணனும் வரல. அத்தே சொல்றது சரி, எனக்கு வயசாச்சு. நீங்களும் இலட்சுமியும் போயிட்டு வாங்க. அவங்கப்பா வீட்டு வாசல்ல வேன் நிக்காது. நான் மஹ்ரூப் நானாகிட்டச் சொல்றேன், நேரா மேல கொண்டுபோய் விட்டுருவாரு."

இலட்சுமி திகைத்து நிமிர்ந்தாள். இராமசாமி பேனாவைத் தொடாமல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காதுமடல்கள் சிவந்திருந்தன. சின்னப்பிள்ளைக்கோ ஆத்திரம் இரட்டித்தது.

"போகக்கூடாதுன்னு நான் சொல்றேன், இவ பேனாவ நீட்டுறா! நான் கேக்குறேன்... எம் புள்ள எதுக்குடி அவளக் கூட்டிக்கிட்டு அந்தப் பனிக்குள்ள போகணும்? இந்த வீட்டுல இல்லாதது அந்தப் பங்களாவுல அப்பிடி என்னடி இருக்கு?"

அழகாயி, இருபது ஆண்டுகளில் முதன்முறையாக, மாமியாரின் கண்களை நேராகப் பார்த்தாள்.

"கதவு இருக்கு, அத்தே."

"என்னது?"

"உள்பக்கம் தாப்பாப் போடுற கதவு ஒண்ணு இருக்கு. இங்க அது இல்ல. உங்க மகன் ராத்திரி எங்க படுக்குறாரு அத்தே? கடையில. உங்க மருமக எங்க படுக்குறா? உங்க காலடியில. நீங்களே சொல்லுங்க... புள்ள எங்கேருந்து வரும்?"

அடுப்பில் கூழ் கொதித்துப் பொங்கி வழிந்தது. எடுத்து இறக்க யாரும் போகவில்லை. இலட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். இராமசாமி எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றான்.

சின்னப்பிள்ளை எதிரே கிடந்த கதிரையின் கையைத் தடவிப் பிடித்து, மெல்ல அமர்ந்தார்.

அந்த நேரத்தில்தான் இராசமாணிக்கம் எழுந்தார். கையைக் கழுவவில்லை. நேரே பெரிய அறைக்குள் போனார். மூட்டை ஒன்று விழும் ஓசை கேட்டது, பிறகு இன்னொன்று. மிளகின் காரத் தூசி கூடமெங்கும் பரவி, எல்லோரையும் தும்ம வைத்தது. மூச்சு வாங்க அவர் திரும்பி வந்தபோது, கையில் நீண்ட பலகை ஒன்று இருந்தது. பன்னிரண்டு ஆண்டுத் தூசியைத் தோளிலிருந்த துண்டால் துடைத்தார். பலா மரத்தின் மஞ்சள் நிறம் தெரிந்தது. அதன்மேல் செதுக்கிய இரண்டு கிளிகளும் தெரிந்தன.

"ஆத்தா, இது என்னன்னு தெரியுதா?"

சின்னப்பிள்ளை உற்றுப் பார்த்தார். "அழகாயியோட அப்பா சீதனமாக் குடுத்த கட்டிலு..."

"தலைமாட்டுப் பலகை. தரையில வச்சா மிளகு ஈரம் புடிக்கும்னு, இவதான் கட்டிலக் கழட்டி மூட்டைக்கு அடியில போடச் சொன்னா. ஆறு மாசம்னு நான் வாக்குக் குடுத்தேன். பன்னெண்டு வருசமா இவ கட்டிலு மேல மிளகு படுத்துக்கெடக்கு! நான் கடையில படுத்துக்கெடக்குறேன்! ஒத்தப் புள்ளக்காரின்னு இப்பச் சொன்னீங்களே... அது இவ குத்தமா ஆத்தா? நீங்க சொல்லச் சொல்ல, தட்டப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்த இந்த மனுசன் குத்தம்!"

அவர் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மனைவியின் பக்கம் திரும்பினார். ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவருடைய வாழ்நாளில் அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அழகாயிக்கு அது போதுமானதாயிருந்தது.

சின்னப்பிள்ளை இரு கைகளையும் நீட்டினார். "இங்க வாடி... சின்னவளே, நீயும் வா." இரண்டு பெண்களும் அவர் முன்னே போய் அமர்ந்தனர். கிழவியின் கண்ணீர் அவர்கள் தலைமீது விழுந்தது.

"கதவில்லாத வீட்டக் குடுத்துட்டு, பேரன் எங்க பேரன் எங்கன்னு கேட்டேனே! எங்காலுக்கு எண்ண தேக்க ஒருத்தி வேணும்னு எம் புள்ள வாழ்க்கையையே காலடியில போட்டு வச்சிருந்தேனே... இது ஏன் எனக்குத் தெரியாமப் போச்சு? ஏண்டி அழகாயி, நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எப்பிடிச் சொல்லுவேன் அத்தே?"

"அதுவும் சரிதான்... எப்பிடிச் சொல்லுவ!" கிழவி அழுகையினூடே சிரித்தார்.

இலட்சுமி அழகாயியின் மடியில் முகத்தைப் புதைத்து விம்மினாள். "அக்கா... எறக்கி விடப் போறீங்கன்னு சொல்லிட்டேனே... எந்த வாயால சொன்னேன்!"

"விடு புள்ள." அழகாயி அவள் ஈரக் கூந்தலை ஒதுக்கிவிட்டாள். பிறகு மாமியாரிடம் சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் அத்தே. அந்த வார்த்தைய இவளப் பாத்து இனிமே சொல்லாதீங்க. நாளைக்குப் புள்ள பொறந்தாலும் சரி, பொறக்காட்டியும் சரி."

"சொல்ல மாட்டேன். இந்த அம்மன் நாள்ல சொல்றேன், சொல்ல மாட்டேன்... அட்டைய எடுத்து உள்ள வையி. ரெண்டு காம்பராவும் இருக்கட்டும். நீயும் போகணும்."

"உங்க காலுக்கு யாரு எண்ண தேப்பா?"

"எனக்குக் கை இல்லையா? பேத்தி இல்லையா? போடி!"

அன்று பிற்பகல், கோயிலிலிருந்து திரும்பிய பின், குடும்பத்தார் கூடத்தில் அமர்ந்து பின்வருமாறு முடிவு செய்தனர். பல்லேபொலையில் பேசவிருந்த சம்பந்தம் கைவிடப்பட்டது. அதனைத் தம் அண்ணனுக்குத் தெரிவிக்கும் பொறுப்பைச் சின்னப்பிள்ளையே ஏற்றார். புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மஹ்ரூப்பின் வேனில் இரண்டு தம்பதியரும் தங்குமனைக்குப் புறப்பட வேண்டும். வேன் ரத்தோட்டையில் நிற்கக் கூடாது. அதற்குள் மூட்டைகள் முழுவதும் கடைத்தெருவில் ஒரு வாடகைக் கிட்டங்கிக்கு மாற்றப்பட வேண்டும். கடைக்கு இராக்காவலாளி ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். பெரிய அறையும் பலாமரக் கட்டிலும், அழகாயியின் வற்புறுத்தலால், இலட்சுமிக்கும் இராமசாமிக்கும் தரப்பட்டன. சின்னப்பிள்ளையின் அறை, சின்னப்பிள்ளையின் வற்புறுத்தலால், அழகாயிக்கும் இராசமாணிக்கத்துக்கும் தரப்பட்டது. சின்னப்பிள்ளையும் பேத்தியும் கூடத்தில் படுப்பது என்று தீர்மானமாயிற்று. இரண்டு அறைக் கதவுகளிலும் உட்புறத் தாழ்ப்பாள் பொருத்துவதற்கு, செவ்வாய்க்கிழமை காலையில் வரும்படி தச்சருக்குச் சொல்லியனுப்பப்பட்டது.