பெல்ட்டில் இன்னொரு துளை

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு மணி அடிக்கும் முன்பே ஓஃபேலியா கையில் ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தாள். புருஷன் அபுந்தியோவின் பெல்ட்டில் இன்னொரு துளை போட வேண்டும். போன மாதம் போட்ட துளையிலும் கால்சட்டை இப்போது நிற்கவில்லை.

"பாத்தியா... நம்ம கோயில் கறுப்பு இயேசு கைவிடல," என்று அளவு நாடாவோடு வந்தாள் நாத்தனார் கூக்கா. "திருவிழாவுக்குப் புதுக் கோட்டு தைக்கக் குடுக்கணும். கட்டிக்கப் போற மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டான் என் தம்பி."

தாயில்லாப் பிள்ளையாக அபுந்தியோவைத் தூக்கி வளர்த்தவள் கூக்கா. அந்த வீட்டில் அடுப்பும் அதிகாரமும் அவளுடையவைதான். முற்றத்தில் செப்புக் கொப்பரையில் பன்றிக் கொழுப்பு உருகி, கறி அதிலேயே வெந்து, கர்னித்தாஸ் என்று பெயர் வாங்கி, சோள ரொட்டிக்குள் போய்ச் சேரும். வாசல் கடையில் விற்றது போக மிஞ்சிய நல்ல துண்டெல்லாம் தம்பி தட்டுக்குத்தான். கூடவே கோலா, அப்புறம் இனிப்பு ரொட்டி. ஊரே அவனைச் செல்லமாக 'குண்டா' என்றது. தொந்தி கடைக்கு ராசி என்று வேறு சொன்னார்கள். ஓஃபேலியா மட்டும் வருஷக்கணக்காக, குறைத்துக்கொள் குறைத்துக்கொள் என்று தொண்டை வறளக் கத்தினாள். "புருஷனுக்குச் சோறு போட உனக்கு வலிக்குதா?" என்பதுதான் கிடைத்த பதில்.

நாலு படி ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கூக்கா நேர்ந்துகொண்டாள். தம்பி கோலாவையும் இனிப்பையும் தொடமாட்டான், கர்த்தர் அவனை இளைக்க வைக்க வேண்டும், திருவிழாவன்று வெள்ளியில் ஆள் உருவம் செய்து அவர் சிலையின் அங்கியில் காணிக்கையாக மாட்டுவோம் என்று. அவனும் இளைத்தான். கசாப்புக்காரர் முதல் பாதிரியார் வரை பார்த்தவர்களெல்லாம் தோளைத் தட்டிப் பாராட்டினார்கள்.

"அண்ணி, இது நல்ல இளைப்பு இல்ல," என்றாள் ஓஃபேலியா. "ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. முதுகு வலின்னு தூங்கறதே இல்ல. இத்தனை வருஷம் இல்லாத சர்க்கரை இப்ப எங்கேருந்து வந்துச்சு? ஒண்ணுக்குப் போனா கறுப்புக் காப்பி மாதிரி போகுது. ஒரு தடவை மொரேலியா பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நேர்ச்சை நடுவுலயா? டாக்டர்கிட்டப் போய் நின்னா சாமிய நம்பலன்னுதானே அர்த்தம்? குடுத்ததத் திருப்பி எடுத்துப்பாரு."

"அவர் அப்படிப்பட்டவரா அண்ணி?"

"உனக்குப் பொறாமை. குண்டா இருந்தப்போ எவளும் திரும்பிப் பாக்க மாட்டான்னு நிம்மதியா இருந்தே. இப்ப வயித்தெரிச்சல்."

ஓஃபேலியாவுக்குப் பொங்கி வந்தது. நேற்று வரை கஞ்சப்பிசினாறி, இன்றைக்குப் பொறாமைக்காரி... இந்த வீட்டில் அவளுக்குப் பட்டங்களுக்குக் குறைவே இல்லை. பெல்ட்டுக்காகத் திண்ணையில் காத்திருந்த புருஷனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"திருவிழா முடியட்டும் ஓஃபேலியா... அக்கா மனசு நோகும்," என்றான்.

அக்கா மனசு! அவள் மனசு என்ன, கறி வெட்டும் கட்டையா? ஆணியைப் பெல்ட்டில் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

வெயில் ஏறியது. கடை வாசலில் சனம் சேர்ந்துவிட்டது. அபுந்தியோ மரத் துடுப்பால் கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தவன், கையைச் சொறிய ஒருமுறை நின்றான். மறுபடி நின்றான். பிறகு துடுப்பைத் தூக்கவே முடியாமல் தூணில் சாய்ந்தான். வெயில் நேராக முகத்தில் விழுந்தபோது ஓஃபேலியா பார்த்தாள். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

அவள் யாரையும் கேட்கவில்லை. வாளித் தண்ணீரைத் தூக்கிக் கொப்பரைக்குக் கீழே விறகின் மேல் கொட்டினாள். புகை முற்றமெங்கும் எழுந்தது.

"பாவி... ஞாயித்துக்கிழமை அடுப்ப அணைக்கிறியே! எங்க அப்பா செத்தன்னிக்குக்கூட அணைக்கல," என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள் கூக்கா.

"இன்னொரு சாவு விழக் கூடாதுன்னுதான் இன்னிக்கு அணைக்கிறேன். சாபம் விடணும்னா விடுங்க. இவனை நான் கூட்டிட்டுப் போறேன்." புருஷன் பக்கம் திரும்பினாள். "வண்டில ஏறு. ஏறலன்னா இந்த வீட்டுல இனி என் முகத்தைப் பாக்க மாட்டே."

அவன் அக்காவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். பழக்கத்தில் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே வண்டியில் ஏறினான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துத் தாளில் வரைந்து காட்டினார்.

"இது கணையம். இரைப்பைக்குப் பின்னாடி இருக்கும். இதோட தலைப்பக்கம் புற்றுநோய்க் கட்டி."

அபுந்தியோ அதை உற்றுப் பார்த்தான். "தெரியும் டாக்டரம்மா. ஒவ்வொரு பன்னியிலயும் இத எடுத்து நாய்க்குத்தான் போடுவேன்," என்றான். சிரிக்கப் பார்த்தான். உதடு கோணிக்கொண்டது.

"என்னால வந்ததா? தின்னே வந்ததா?" என்று கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணுன்னு சொல்ல முடியாது. வருஷக்கணக்கா உடம்புல, அதுவும் வயித்துல, அதிகக் கொழுப்பு இருந்தா இது வர்ற வாய்ப்பு கூடும். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வருது. ஆனா நீங்க இப்ப இளைச்சது நேர்ச்சையால மட்டும் இல்ல, நோயாலயும்தான். திடீர்னு வந்த சர்க்கரையும் இதோட அடையாளமா இருக்கலாம்." அவர் ஓஃபேலியாவிடம் திரும்பினார். "இன்னும் பரவல. ஆபரேஷன் பண்ணலாம். பெரிய ஆபரேஷன், உறுதி எதுவும் குடுக்க முடியாது. திருவிழா வரைக்கும் விட்டிருந்தா இதுகூடச் சொல்லியிருக்க முடியாதுன்னு நினைக்கிறேன்."

ஆபரேஷன் நாளன்று, அவனை உள்ளே கொண்டுபோன பிறகுதான் கூக்கா வந்தாள். நடைபாதை முனையிலேயே நின்றுவிட்டாள். கையில் தூக்குச்சட்டி. கண் வீங்கிக் கிடந்தது.

"கோழி சூப்பு... உனக்குத்தான். மேல மிதந்த கொழுப்ப நானே எடுத்துட்டேன்," என்றாள். "என் கையால ஊட்டி ஊட்டி... நானே அவனை..."

சொல்வதற்கு ஓஃபேலியாவிடம் எவ்வளவோ இருந்தது. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்தது. ஒவ்வொன்றாக எடுத்து வீசியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"தாயில்லாப் பிள்ளைக்குச் சோறு போட்டீங்க, அது தப்பில்ல அண்ணி. நான் கத்தினப்போ காது குடுத்துக் கேக்கலயே... அதுதான் எனக்கு ஆறல."

"நீ சொன்னதுதான் சரியாப் போச்சு. என்னை மன்னிச்சிரு புள்ள."

"சரியாப் போயி என்ன செய்ய? நான் பொறாமைக்காரியாவே இருந்திருக்கலாம். நான் சொன்னது பொய்யாப் போயிருக்கலாம்..."

கூக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள்.

வெகுநேரம் கழித்துக் கூக்கா இடுப்பு மடிப்பிலிருந்து வெள்ளி உருவத்தை எடுத்தாள். இடுப்பு சிறுத்த ஒல்லி மனிதன்.

"இத என்ன பண்ண? கொண்டு போய் மாட்டவா?"

ஓஃபேலியா அதை வாங்கிப் பார்த்தாள். அவன் இளைக்க வேண்டுமென்று ஆண்டாண்டாக ஏங்கியவள் அவள்தான்.

"இப்ப வேணாம் அண்ணி. அவன் வெளிய வரட்டும். ரெண்டு வாய்க்கு மூணு வாய் சாப்பிடட்டும்," என்றாள். கைப்பையைத் திறந்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் கழற்றிக் கொடுத்த பெல்ட்டின் மேல் அந்த உருவத்தை வைத்தாள். "நான் கடைசியாப் போட்ட இந்தத் துளை அவனுக்கு இறுக்கமாகட்டும். அன்னிக்கு நாம ரெண்டு பேருமே நடந்து போய் மாட்டுவோம்."