உள்ளிருந்து பூட்டிய கோட்டை

கோட்டையின் வாசல் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது.

இன்ஷிரா நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. கடையிலிருந்த மற்ற விளையாட்டுக் கோட்டைகள் எல்லாம் பிளாஸ்டிக். அழுத்தினால் கோபுரம் குழிந்தது. விளிம்பு விரலைக் கீறியது. இது மரம். அவள் இடுப்பளவு உயரம். மூலைகளை மழுக்கியிருந்தார்கள். பெயின்ட் மணக்கவில்லை. கட்டாரிலிருந்து கணவன் ஸாஹிர் சொன்னது ஒன்றுதான்: "மகளுக்கு ஒரு கிழமையில உடையிற சாமான் வாங்காத."

"கதவு தொறக்குதில்லையே, காக்கா."

கடைக்காரர் பக்கீர் மேல்மாடிப் படியில் நின்று தொப்பியைச் சரிசெய்தார். "புதுசு ராத்தா, இறுகி இரிக்கும். கோட்டையெண்டா தட்டினதும் தொறக்குமா?" சிரித்தார். "பாங்கு சொல்லிட்டாங்க. நான் ஷட்டர இறக்கிட்டுப் பள்ளிக்குப் போறன். நீங்க ஆறுதலாப் பாருங்க."

காத்தான்குடியில் வெள்ளிக்கிழமை அப்படித்தான். ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகளைப் பூட்டுவார்கள்; சாமான் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் உள்ளேயே இருப்பார்கள். அவள் ஓம் என்றாள்.

ஷட்டர் இறங்கியது. பழக்கத்தில் பக்கீர் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனார்.

மின்விசிறி சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றபோது, தகரக் கூரையின் சூடும், பெட்டிகளின் பிளாஸ்டிக் மணமும், சுவரில் இருந்த ஒரே காற்றுத் துவாரத்தின் வழியே வந்த வாவிச் சேற்றின் வாடையும் அந்த மேல்மாடியை நிரப்பின. அவற்றுக்கு அடியில் வேறொரு மணமும் இருந்தது, பல பிள்ளைகள் நெருங்கிப் படுத்து எழும்பிய பாயின் மணம், அது கோட்டையின் சின்ன ஜன்னல்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. வெளியே ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம்.

"உம்மா, கதவு தொறந்துட்டு."

அவள் கைபேசி வெளிச்சத்தைத் திருப்பினாள். ஐந்து வயது மகள் றுக்ஷானா கோட்டைக்கு முன்னால் குந்தியிருந்தாள். கதவு சற்று விலகியிருந்தது. பிள்ளையின் கை மணிக்கட்டு வரை உள்ளே.

"கைய எடு மகள்."

"விடுறாங்க இல்ல."

"யாரு?"

"உள்ளுக்கு இரிக்கிறவங்க."

"பகிடி விடாத." இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். றுக்ஷானா வீரிட்டாள்.

பக்கீருக்கு அழைத்தாள். அவருடைய போன் கீழே மேசையில் அடித்தது. கோட்டையைக் காலால் உதைத்தாள். நல்ல மரம். ஓடிப்போய் ஷட்டரில் தட்டலாம். ஆனால் பிள்ளையை இங்கே விட்டுவிட்டா?

குத்பா முடிந்தது. ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். ஊர் தொழுதது. தெருவில் ஒரு ஓட்டோச் சத்தம்கூட இல்லை.

அப்போது கேட்டது. கோட்டைக்குள் மூச்சு. ஒன்றல்ல.

இன்ஷிரா கதவிடுக்கில் தன் கையை நுழைத்தாள். மகளின் விரல்கள் தட்டுப்பட்டன. அவற்றைச் சுற்றி வேறு விரல்கள். சின்னவை. ஈரமானவை. அவள் கையை அவை தடவிப் பார்த்தன. மோதிரத்தை. நகங்களை. பிறகு ஒவ்வொன்றாக மகளை விட்டு அவளுக்கு மாறின.

"விட்டுட்டாங்க!" றுக்ஷானா கையை உதறிக்கொண்டு எழும்பினாள்.

இன்ஷிராவால் எடுக்க முடியவில்லை.

கீழே ஷட்டர் ஏறியது. விளக்குகள் எரிந்தன. மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

"உம்மா, வாங்க." பிள்ளை ஓரடி கிட்ட வந்தாள். இன்ஷிராவைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. இன்னோரடி. இன்னும் தளர்ந்தன.

இன்ஷிராவுக்கு விளங்கியது: அவளைப் பிடித்து வைத்திருப்பது பிள்ளையைக் கிட்ட இழுக்க.

"கீழ போ மகள்." படியைக் கண்ணால் காட்டினாள். "காக்காட்ட நில்லு. உம்மா வாறன்."

பிள்ளை படியிறங்கினாள். விரல்கள் இறுகின. எலும்பு வலித்தது.

தொழுகை முடிந்து பள்ளிவாசல் கலைந்திருந்தது. தெரு முழுக்க மோட்டார் சைக்கிள் இரைச்சல். அதற்கு மேலாகப் பக்கீரின் குரல்: "ராத்தா, தெரிவு செஞ்சாச்சா? இல்லாட்டி அடுத்த ஜும்ஆ வரைக்கும் பாப்பீங்களா?"

"காக்கா, புள்ளயப் புடிங்க!"

"என்ன? கேக்குதில்ல ராத்தா." பிறகு சிரிப்போடு, "இந்தாங்க புள்ள, டொபி தின்னுங்க. உம்மாவுக்கும் ஒண்டு. ஓடிப்போய்க் குடுத்துட்டு வாங்க."

படியில் சின்னக் காலடிகள்.

"வராத! றுக்ஷானா, வராத!"

காலடிகள் வேகமாயின. உம்மாவின் பயந்த குரலுக்குப் பிள்ளை ஓடிவந்தாள்.

விரல்கள் விலகத் தொடங்கின. இன்ஷிரா அவற்றைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். மற்றக் கையையும் உள்ளே விட்டுப் பிடித்தாள். "நான் இரிக்கன்," என்றாள். "நான் இரிக்கன்." நழுவின. சவர்க்காரம் போல. ஒன்று. இன்னொன்று.

அவள் கைகள் வெறுமையாக வெளியே வந்தன.

றுக்ஷானா டொபியோடு வந்து நின்றதும் கதவு முழுதாகத் திறந்தது. உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து ஒரு சின்னக் கை றுக்ஷானாவை நோக்கி நீண்டு, உள்ளங்கையை மேலே விரித்து வாசலில் கிடந்தது.