மடுவுக்கு விட்ட சேவல்

விருந்தாளியாகப் போகிறவன் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது என்பதில் கண்ணையனுக்குப் பிடிவாதம் அதிகம். அந்தப் பிடிவாதம்தான் அவனைக் கவிழ்த்தது.

அவனோடு முதலியார்பேட்டையில் ஒரே பஞ்சாலையில் தறி ஓட்டிய சாமிக்கண்ணு, வேலையை விட்டுவிட்டுப் பெண்டாட்டி ஊரான கரைமேட்டுக்கு விவசாயம் பார்க்கப் போய்விட்டான். பெண்ணையாற்றங்கரையில் ஊர். எழுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை. இரவல் வாங்கிய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் கண்ணையனும் அதே ஆலைக் கூட்டாளி தேவதாஸும் அவனைப் பார்க்கக் கிளம்பினார்கள். கண்ணையனின் மகள் வேம்பு வண்டியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இன்னா வாங்கியாருவீங்க?"

"நீ ஒதுங்கு கண்ணு. மாமா கண்டிப்பா ஏதாச்சும் கொண்டாறேன்" என்றான் தேவதாஸ். குழந்தைகளுக்குச் சொன்ன சொல்லை அவன் தவறியதில்லை.

அரியாங்குப்பம் பாலம் தாண்டி, பாகூர் தாண்டி, ஆற்றோரத்து மண்தடத்தில் வண்டி இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஆறு வற்றி மணலாகக் கிடந்தது. ஒரே ஒரு மடுவில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் நின்றது.

"முசியே, சாமிக்கண்ணுக்கு பிராந்தி இருக்கு. தங்கச்சி கையில இன்னாத்த குடுக்கறது?" என்று பின்னாலிருந்து கேட்டான் கண்ணையன். பிரெஞ்சு வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளைப் போல ஒருவரையொருவர் முசியே, அதாவது ஐயா, என்று அழைப்பது அவர்கள் இருவருக்கும் ஒரு கேலி.

தேவதாஸ் வண்டியை நிறுத்தினான். மடுவின் கரையில், பனைமரத்தடியில் ஒரு சேவல். காலில் கயிறு.

"சண்டைச் சேவல்டா. கட்டிப்போட்டுட்டு எவனோ குளிக்கப் போயிருக்கான்" என்றான்.

சுற்றிலும் ஆள் அரவமில்லை. சேவல் இவர்களைப் பார்த்துக் கொக்கரிக்கவில்லை, சிறகடிக்கவில்லை. கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றது. கண்ணையன்தான் கட்டை அவிழ்த்தான். சுடுமணலில் கிடந்த கயிறு சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது அவனுக்கு விசித்திரமாகப் பட்டது. கறுப்பு அரைஞாண் கயிறு. அதில் சின்னதாக ஒரு பித்தளை மணி.

"இது என் பொண்ணு வேம்புக்கு ஆவும்" என்று வாய்விட்டுச் சொல்லி, வண்டியின் கைப்பிடியில் கட்டினான்.

தேவதாஸ் சேவலின் கழுத்தைப் பிடித்து முறுக்கினான்.

முறுக்.

தலை முதுகுப்பக்கம் திரும்பித் தொங்கியது. கண் மூடவில்லை.

சேவலுக்குச் சொந்தக்காரன் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதே என்று அங்கேயே இறகைப் பிய்த்து, மடுவில் எறிந்தார்கள். இறகு மிதக்கத்தானே வேண்டும்? மிதக்கவில்லை. ஒவ்வொன்றாக, யாரோ அடியிலிருந்து பிடித்து இழுத்ததுபோல் உள்ளே போயிற்று. சேற்று நாற்றம் குப்பென்று எழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் வண்டி ஏறினார்கள்.

சாமிக்கண்ணு வீட்டில் இல்லை. அவன் பெண்டாட்டி செல்வாம்பாள், சேவலைச் சுற்றிய வாழை இலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அப்படிச் சந்தோஷப்பட்டாள். சொந்த அண்ணன் சீர் கொண்டுவந்ததுபோல் முகம் மலர்ந்தது. கறி வெந்த வாசனைக்கு, உள்ளே பாயில் படுத்திருந்த அவள் மகள் சின்னப்பாப்பா எழுந்து உட்கார்ந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"காய்ச்சல்ல கெடந்து கஞ்சி கூட எறங்காத புள்ள அண்ணே. இன்னிக்குத்தான் வாயத் தொறந்து கேக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேவலின் தொடையை மகள் கையில் கொடுத்தாள். கண்ணையனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"சாமிக்கண்ணு எங்கம்மா போயிருக்கான்?"

செல்வாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "கோயில்ல ஒக்காந்திருக்காரு. மடுவுல குளிச்சப்ப எதுவோ புள்ள காலப் புடிச்சு இழுத்துடுச்சுண்ணே. வெள்ளரித் தோட்டத்துக் காவக்காரன் கொளஞ்சிய, காலக் கட்டி அங்கதான் போட்டுக் கொன்னானுங்க. அதுலேருந்து அவன் காலத்தான் புடிக்கிறான். உயிருக்கு உயிர் குடுத்தா விட்டுருவான்னு பூசாரி சொன்னாரு. புள்ள இடுப்புக் கயித்தாலயே சேவலக் கட்டி, காலையில மடுவாண்ட விட்டுட்டாரு. விளக்கு வைக்கிற வரைக்கும் வீட்டுக்கு வரக்கூடாது."

கண்ணையன் பிசைந்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டான்.

எதிரே சின்னப்பாப்பா அந்தத் தொடையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். இன்னொரு சேவலைப் பிடித்துக் கட்டியிருக்கலாம், பூசாரியின் காலில் விழுந்திருக்கலாம். ஆனால் திருடன் என்ற பேருக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டான் அந்த மானஸ்தன். தேவதாஸின் முகமும் வெளுத்துப் போயிற்று. அவன் பிராந்தியை எடுத்துத் தண்ணீர்கூட விடாமல் குடித்துவிட்டு, கூடத்துக் கயிற்றுக் கட்டிலில் சுருண்டுகொண்டான்.

பொழுது சாய்ந்தது. சாமிக்கண்ணு சிரித்துக்கொண்டே வந்தான். வண்டியைத் தட்டிப் பார்த்தான். கைப்பிடியில் கை நின்றது.

"கண்ணையா... இது எங்க கெடச்சுது?"

சாமிக்கண்ணு கயிற்றை அவிழ்த்தான். அவன் உள்ளங்கையில், அசைக்காமலே, மணி குலுங்கியது.

உள்ளே செல்வாம்பாள் அலறினாள்.

சின்னப்பாப்பா பாயிலிருந்து கொல்லைப்புறக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். குப்புறக் கிடந்தபடி, ஒற்றைக் கால் மட்டும் உயரத் தூக்கியபடி. அந்தக் காலைப் பிடித்திருந்தவனைக் காணோம். கணுக்காலில் மட்டும் ஐந்து விரல்கள் சதையை அமுக்கிய பள்ளம் தெரிந்தது, அதில் சேறு வழிந்தது. பிள்ளையின் நகங்கள் தரையைக் கீறின.

கண்ணையன் பாய்ந்து அவள் கைகளைப் பற்றினான். செல்வாம்பாள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இருவரையும் சேர்த்து இழுத்தது அது. பிள்ளையின் தோள்மூட்டு நொறுக்கென்று விலகியது. சாமிக்கண்ணு அரிவாளை எடுத்து வெறும் காற்றை வெட்டினான். அடுத்த நொடி அவன் சுவரில் போய் மோதி விழுந்தான். வாயெல்லாம் ரத்தம். உடைந்த பல்லைத் துப்பினான்.

எழுந்து மகளிடம் வரவில்லை அவன்.

கட்டிலை நோக்கித் தவழ்ந்தான்.

போதையில் கிடந்த தேவதாஸின் காலில் அந்தக் கயிற்றைச் சுற்றினான். முடிச்சுப் போடும்போது கண்ணையனை நிமிர்ந்து பார்த்தான். கெஞ்சலும் கொலைவெறியும் கலந்த பார்வை. ஒரு கத்துக் கத்தினால் போதும், தேவதாஸ் விழித்துக்கொள்வான்.

கண்ணையன் கத்தவில்லை.

பிள்ளையின் கால் தொப்பென்று தரையில் விழுந்தது.

கட்டில் கவிழ்ந்தது. தேவதாஸின் தலை வாசற்படியில் மோதிப் பிளந்தது. அந்த வலியில்தான் விழித்தான். "முசியே! புடிடா! என்னப் புடிடா!" என்று கதறி, கண்ணையனின் காலை இறுகப் பற்றினான்.

கண்ணையன் காலை உதறினான். விடவில்லை. குதிகாலால் அந்த விரல்களை மிதித்தான். விட்டுவிட்டன.

இருட்டில், மணலின் மேல் மணிச்சத்தம் தூரமாகப் போயிற்று. பிறகு மத்தியானம் கேட்ட அதே சத்தம்.

முறுக்.

விடிந்ததும் மடுவிலிருந்து உடலை எடுத்துக் கரையில் போட்டார்கள். நெஞ்சு வானத்தைப் பார்த்திருக்க, முகம் மணலில் புதைந்து கிடந்தது. குடித்துவிட்டு விழுந்தவன் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். காலில் கயிறு இல்லையே என்று கண்ணையன் மட்டும் தேடினான். சின்னப்பாப்பா எழுந்து இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாளாம். அவளைப் பார்க்க அவன் வீட்டுக்குள் போகவில்லை. சாமிக்கண்ணுவும் வழியனுப்ப வரவில்லை.

தனியாகத்தான் வண்டியை ஓட்டி வந்தான். ஆனால் பாகூரைத் தாண்டியதிலிருந்து பின்சக்கரம் ஆள் உட்கார்ந்ததுபோல் அழுந்தி ஓடியது. காற்றுக் குறைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முதுகு நனைந்தது. வியர்வை என்று சொல்லிக்கொண்டான்.

முதலியார்பேட்டையில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் வேம்பு ஓடி வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கும் முன்பே மணிச்சத்தம் காதில் விழுந்தது.

கவுன் இடுப்போடு நனைந்து ஒட்டியிருந்தது. அதன்மேல் கறுப்புக் கயிறு.

"ஏதுடி இது? யாரு... யாரு கட்டுனது?"

"தேவதாசு மாமாதான். காலையிலேயே வந்து கட்டிட்டாரே. 'உங்கப்பா கேட்டாரு, கொண்டாந்துட்டேன்'னு சொன்னாரு."

கண்ணையன் அப்படியே மண்டியிட்டு முடிச்சைப் பிடித்தான். நேற்று மடுவோரத்தில் தொட்டதும் அவிழ்ந்த முடிச்சு. இன்றைக்கு ஈரத்தில் ஊறி, கல்லாக இறுகியிருந்தது. பல்லால் கடித்தான். வாயெல்லாம் சேறு.

வேம்பு அவன் தோளுக்கு மேலாக வண்டியைப் பார்த்தாள்.

"ஏம்பா, மாமா நம்ம பக்கம் ஒக்காந்துகினு மூஞ்ச மட்டும் அந்தப் பக்கம் வச்சிருக்காரு?"

அவன் திரும்பவில்லை. கடிப்பதையும் நிறுத்தவில்லை.

பின்னால், சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டு மேலே எழும்பியது. யாரோ இறங்கினார்கள்.